திருவருகைக் காலமும் ஒரு தெர்மாகோல் படகும்

இன்றோடு பள்ளிக்கூடம் விட்டாச்சு. 2024 டிசம்பர் 23. பருவத் தேர்வு முடிந்து, கேக் வெட்டி, பாட்டுப் பாடி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து வகுப்பறையைக் கூட்டும்போதுதான், இந்த மூன்று வாரத்தில் நடந்ததையெல்லாம் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஜனவரியில் மூன்றாம் பருவப் புத்தகம் வந்துவிட்டால் அப்புறம் இதையெல்லாம் நினைக்கவே நேரம் இருக்காது.

ராமேஸ்வரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர். ஊரில் எல்லோரும் 'ஆர்.சி. ஸ்கூல்' என்று சொல்லும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரைக்கும். சிஸ்டர் தலைமையாசிரியை, பங்கு ஃபாதர் தாளாளர், நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். நானும் இதே பள்ளியில்தான் படித்தேன், இதே வேப்பமரத்தடியில்தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். பிள்ளைகளில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், மீதி இந்துக்களும் முஸ்லிம்களும். ஆனால் கிட்டத்தட்ட எல்லா வீட்டுச் சோறும் கடலில் இருந்துதான் வருகிறது.

எங்கள் பள்ளியின் வாரம் கடலின் வாரத்தோடு சேர்ந்துதான் ஓடும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. திங்கள்கிழமை போன படகு செவ்வாய் காலையில் கரைக்கு வரும், அதனால் செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் பாதிப் பிள்ளைகளின் காது கடற்கரையில்தான் இருக்கும். எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் படகு என்று சொல்லும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அப்பா டோக்கன் வாங்கப் போயிருக்கிறார் என்றால் மறுநாள் கடலுக்குப் போகிறார் என்று அர்த்தம். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உயிரெழுத்து பன்னிரண்டும் முழுசாக வருவதற்கு முன்பே புயல் கூண்டு எண்ணிக்கை வந்துவிடுகிறது.

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். இந்த வருடம் 1, 8, 15, 22. வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியில்தான் இந்தக் காலம் எப்போதும் வரும். காற்றழுத்தத் தாழ்வு, வாடைக்காற்று, தண்ணீர் நிற்கும் தெரு, காயாத துணி, கரையில் கட்டிக் கிடக்கும் படகு, கையில் காசில்லாத வீடு. ஸ்டார் கட்டி, பலகாரம் சுட்டு, துணி எடுக்க வேண்டிய மாதத்தில்தான் எங்கள் பக்கம் கடலுக்குப் போக முடியாத நாட்கள் அதிகம். இது எல்லா வருடமும் உள்ளதுதான், ஆனால் இந்த வருடம் கொஞ்சம் கூடுதல். நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. அது வடிவதற்குள் ஃபெஞ்சல் புயல் என்றார்கள். படகுகள் ஒரு வாரமாகக் கரையை விட்டு நகரவில்லை. புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

அன்றைக்கு நற்செய்தி லூக்காவில் இருந்து. கதிரவனிலும் நிலாவிலும் விண்மீன்களிலும் அடையாளங்கள் தோன்றும், கடலின் முழக்கத்தைக் கேட்டு மக்கள் கலங்கிப்போவார்கள் என்று வரும் பகுதி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை இந்த வாசகம் வரும், நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று கோயிலில் ஒரு சத்தம் இல்லை. ஆண்கள் பக்கம் வழக்கத்தைவிட நிறையப் பேர் இருந்தார்கள், யாரும் கடலுக்குப் போகவில்லையே. ஃபாதர் வாசிக்கும்போது பின்னால் நிஜமாகவே அலைச் சத்தம் கேட்டது. மதுரையிலோ திருச்சியிலோ அதை ஒரு உவமையாகக் கேட்டுவிட்டுப் போகலாம், எங்களுக்கு அது அந்த வாரத்துச் செய்தி. அதே பகுதியில் அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இவையெல்லாம் நடக்கும்போது குனிந்து உட்காராதீர்கள், நிமிர்ந்து நின்று தலையை உயர்த்துங்கள் என்கிறார் இயேசு.

மறுநாள் திங்கள்கிழமை திருவருகை வளையம் கட்டினோம், ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுதிரி ஏற்றும் பச்சை வளையம். பழைய சைக்கிள் டயர் ஒன்றைக் கழுவி, சவுக்குக் கொப்பு ஒடித்து வந்து சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியது. ஊதா நிற மெழுகுதிரி இங்கே கடையில் கிடைக்காது. வெள்ளை மெழுகுதிரிக்கு ஊதாத் தாள் மூன்று, ரோஸ் தாள் ஒன்று சுற்றினோம். திரிப் பக்கம் இரண்டு விரல் விட்டுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாள் பற்றிக்கொள்ளும். காலை உணவுத் திட்டம் போன ஜூலை 15-லிருந்து கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால் பிள்ளைகள் இப்போது சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். திங்கள் என்றால் உப்புமா. சாப்பிட்ட கை கழுவின ஈரத்தோடு எல்லோரும் வளையத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு இந்த வளையம் வந்த கதையைச் சொன்னேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விகர்ன் என்றொரு போதகர், ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் லுத்தரன் சபைக்காரர், கத்தோலிக்கர் இல்லை. பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் எப்ப வரும், எப்ப வரும்" என்று கேட்டார்களாம். 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரி என்று வைத்து, ஒரு நாளைக்கு ஒன்றாக ஏற்றினார். பிள்ளைகள் எண்ணிக்கொண்டார்கள். அவர் எடுத்தது வண்டிச் சக்கரம், நாம் எடுத்தது சைக்கிள் டயர் என்றதும் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

"அப்ப நாலாவது மெழுகுதிரி ஏத்துனதும் வந்துருவாரு" என்று சொல்லி முடித்தேன். இயேசு பாலனைத்தான் சொன்னேன்.

மூன்றாம் வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழுந்தது. பேர் வேண்டாம். நவம்பரில் அவளுடைய அப்பா போன படகு எல்லை தாண்டிவிட்டது என்று பிடிபட்டு, அவரும் கூடப் போனவர்களும் அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள். இந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டு மீனவர்கள் 500 பேருக்கு மேல் இப்படிப் பிடிபட்டிருக்கிறார்கள். பேப்பரில் அது எண்ணிக்கை. எங்கள் வருகைப் பதிவேட்டில் அது "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று இரண்டு நாள் வராத ஒரு பிள்ளை.

"டீச்சர், நாலாவது மெழுகுதிரி ஏத்துனா எங்க அப்பாவும் வந்துருவாகளா?"

என்ன சொல்வது? பக்கத்தில் இருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை, அதுவே இந்த ஊர்ப் பிள்ளைகளின் குணத்துக்கு அத்தாட்சி. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது பொய். 23-ம் தேதி அந்தப் பொய்யோடு அவள் முன்னால் நிற்க என்னால் முடியாது. "தெரியலம்மா. எப்ப வருவாகன்னு எனக்குத் தெரியல. ஆனா நாம எல்லாரும் சேந்து பாத்துக்கிட்டு இருப்போம்" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் மெழுகுதிரியை அவளையே ஏற்றச் சொன்னேன்.

அந்த முதல் மெழுகுதிரிக்கு எதிர்நோக்கு என்று பெயர். என் அம்மா காலத்து ஜெபப் புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று இருக்கும். இப்போது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மாற்றிவிட்டார்கள். இந்த எதிர்நோக்கு என்ற சொல் ரொம்ப நாளாக எனக்கு ஒட்டவே இல்லை, புத்தகத்துச் சொல்லாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கடற்கரையில் பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள், புயலுக்குப் பிறகு முதன்முதலாகச் சில வள்ளங்கள் போயிருந்தன. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் செய்வதுதான் அந்தச் சொல். எதிரே நோக்கிக்கொண்டு நிற்பது. அதிலும் சும்மா நிற்கவில்லை. கூடை தயாராக இருந்தது, ஐஸ் சொல்லியாச்சு, ஒருத்தி அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

இரண்டாம் வாரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

8-ம் தேதி வாசகம் திருமுழுக்கு யோவான் பற்றியது. ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள், பள்ளங்கள் எல்லாம் நிரப்பப்படும், கோணலானவை நேராகும் என்று வரும். திங்கள் காலை இரண்டாவது மெழுகுதிரி ஏற்றிவிட்டு அதைப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், மனசில் இருக்கும் பள்ளம், மனசில் இருக்கும் மேடு என்று வழக்கமாகச் சொல்வோமே, அப்படி. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் வீட்டில் அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார், அவனும் காலையில் விபூதி பூசிக்கொண்டு வருவான்.

"டீச்சர், நம்ம கேட்டுக்கு முன்னாடி பெரிய பள்ளம் இருக்குல்ல, அத யாரு நிரப்புவா?"

நவம்பர் 20 மழையில் விழுந்த பள்ளம் அது. பத்தொன்பது நாளாகத் தண்ணீர் நின்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதில் விழுந்து சீருடையோடு நனைந்துபோய், சிஸ்டர் தன் துண்டைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு சுவர் ஓரமாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தோம். அவன் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. மனசில் உள்ள பள்ளத்தைப் பற்றி வருடா வருடம் பேசுகிறேன், கேட்டுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். "மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பீரியடு எடுத்துக்கங்க" என்றார். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கையில் கிடைத்ததெல்லாம் எடுத்துக்கொண்டார்கள்: பழைய பக்கெட், பெயின்ட் டப்பா, உடைந்த மீன் பெட்டியின் மூடி. கோயில் சுவருக்குப் பின்னால் காற்று கொண்டுவந்து குவித்த மணல் மேடு ஒன்று இருக்கிறது. அதுதான் மேடு, இதுதான் பள்ளம், வாசகத்தில் உள்ளபடியே. முதலில் தண்ணீரை வாரி ஊற்றினார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வீடு இடித்தபோது போட்டிருந்த செங்கல் துண்டை அடியில் போடச் சொன்னது உபதேசியார். வெறும் மணலைப் போட்டால் அடுத்த மழையில் போய்விடும், அடியில் கல், மேலே மணல், அதுக்கு மேலே கொஞ்சம் செம்மண் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். சத்துணவு அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வழியாகத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், எங்கள் பள்ளியில் அவருடைய பேத்தி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், சைக்கிளை நிறுத்திவிட்டு மண்வெட்டி வாங்கிப் பத்து நிமிஷம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள், இறங்குகிறதா என்று.

அதற்குப் பிறகு பெய்த மழையிலும் அது இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, 13-ம் தேதி, கார்த்திகை தீபம். தெரு முழுக்க அகல் விளக்கு. அடுத்த திங்கள் மூன்றாவது மெழுகுதிரி, ரோஸ் தாள் சுற்றியது, மகிழ்ச்சியின் மெழுகுதிரி, வாடை அடித்து ஏற்ற ஏற்ற அணைந்துபோனது. தீக்குச்சி ஏழெட்டு வீணானது. அதே பையன் பையில் இருந்து ஒரு அகல் எடுத்து வந்தான், வீட்டில் மிச்சமிருந்ததாம், எண்ணெயும் ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருந்தான். அகலை ஒரு மண் சட்டிக்குள் வைத்து ஏற்றினோம், காற்று படாமல் நின்று எரிந்தது. அன்று வாசகத்தில் மக்கள் யோவானிடம் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பார்கள், அவர் இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்பார். அதற்காகச் சிஸ்டர் ஒரு அலமாரியைத் திறந்து வைத்தார், சிறுத்துப்போன சீருடையைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து வைக்கலாம், வேண்டியவர்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அரசு நான்கு செட் கொடுக்கிறது, உண்மைதான், ஆனால் இந்த ஈரக் காலத்தில் நான்கும் காயாத வீடுகள் இருக்கின்றன. இரண்டு நாளில் அலமாரி நிறைந்தது, பாதி காலியானது, மறுபடி நிறைந்தது. யார் எடுத்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் குடில் கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை கட்டினோம். பத்து நாளுக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையும் சிரட்டையில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்திருந்தது, அது ஒரு விரல் உயரம் வளர்ந்து பச்சைப் பசேலென்று இருந்தது. கூரைக்குப் பனையோலை, இங்கே அதற்குப் பஞ்சமில்லை. மலைக்குப் பழைய சிமென்ட் பை தாளைக் கசக்கி வண்ணம் பூசியது. கீழே கடற்கரை மணல், சிப்பி, சோழி. ஒரு ஓரத்தில் நீல நைலான் வலைத் துண்டை விரித்து அதுதான் கடல் என்று பிள்ளைகளே வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் குடிலில் எப்போதும் கடல் உண்டு.

அப்பா சிறையில் இருக்கும் அந்தப் பிள்ளை ஒரு படகு கொண்டுவந்தாள். உடைந்த மீன் பெட்டித் தெர்மாகோலை பிளேடால் செதுக்கியது, அவளும் அவளுடைய அம்மாச்சியும் சேர்ந்து. நன்றாகக் கழுவியும் அதில் மீன் வாசனை போகவில்லை. உள்ளங்கை நீளம்தான் இருக்கும், ஆனால் வீல் ஹவுஸ் இருந்தது, ஈர்க்குச்சியில் கொடிமரம் இருந்தது, பின்னால் வலை தூக்கும் சட்டம்கூட ஊக்கு வளைத்துச் செய்திருந்தாள். பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் பதிவெண். ஐஎன்டி, டிஎன், 10 என்று தொடங்கி முழு எண்ணும் பிசகாமல் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதும்போது இன்னும் ஒரு எழுத்தைத் தலைகீழாகப் போடுகிற பிள்ளை அவள்.

சிஸ்டர் படகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. "எந்தப் பக்கம் வைக்கப் போற?" என்று மட்டும் கேட்டார். அவள் வலையின் தூரத்து மூலையைக் காட்டினாள். மாட்டுக் கொட்டிலுக்கு நேரெதிர் முனை. சிஸ்டர் அங்கே நின்றுகொண்டிருந்த ஒட்டகத்தை எடுத்து வேறு பக்கம் வைத்துவிட்டு இடம் விட்டார்.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். மூன்று ராஜாக்கள் சொரூபத்தை முதல் நாளே குடிலுக்குள் வைக்க மாட்டோம். தூரத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரு பிள்ளை ஒரு விரற்கடை நகர்த்தும். ராஜாக்கள் திருநாளுக்குத்தான் வந்து சேருவார்கள். குழந்தை இயேசு சொரூபமும் 24 இரவுதான் வைக்கப்படும், அதுவரைக்கும் தீவனத் தொட்டி காலியாக வைக்கோலோடு இருக்கும். 16-ம் தேதி காலையில் பார்த்தால் ராஜாக்களை நகர்த்தும் பிள்ளை படகையும் சேர்த்து ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாள் வேறு ஒரு பிள்ளையின் முறை, அதுவும் இரண்டையும் நகர்த்தியது. தேர்வு நேரம், எனக்கும் அதைக் கவனித்துப் பேச நேரமில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் படகு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. பள்ளிவாசல் தெருப் பையன் ஒருவன் தன் முறை வந்தபோது அவளைக் கூப்பிட்டு, "நீயே நகத்து" என்று சொன்னதை மட்டும் நான் பார்த்தேன்.

நேற்று நான்காம் ஞாயிறு. மரியா, எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு வேகமாகப் போகும் வாசகம். பேறுகாலத்தில் இருக்கும் உறவுக்காரிக்கு உதவியாகப் போகிறவள். பூசை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பள்ளிக்குப் பின்தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனோம். போகும்போது எனக்குத் தேதி ஞாபகம் இல்லை. பாட்டிதான் சொன்னார், "இன்னைக்கு டிசம்பர் 22. அறுபது வருஷம் ஆச்சு."

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. அந்த வருடம் டிசம்பர் 20-ம் தேதிதான் நான்காம் ஞாயிறு. ஊர் முழுக்கக் கிறிஸ்துமஸுக்காகக் காத்துக்கொண்டிருந்த வாரம். பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. ஊரோடு 1,800 பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அதன் பிறகு அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இடிந்த கோயிலின் சுவர் இன்றும் நிற்கிறது, எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. "மூணாப்பு படிச்சேன்" என்றார். என் பிள்ளைகளின் வயது. 21-ம் தேதி அவருடைய அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார், பலகாரம் சுட உதவிக்கு. அதனால் பிழைத்தார்கள். பாட்டி ரயிலைப் பற்றியோ அலையின் உயரத்தைப் பற்றியோ பேசவில்லை. "தனுஷ்கோடில தையக்காரர்கிட்ட என் கவுன் இருந்துச்சு. மஞ்சத் துணி, சின்னச் சின்னப் பூ போட்டது. 23-ம் தேதி வந்து வாங்கிக்கன்னு சொல்லியிருந்தாரு" என்றார்.

பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். ஒருத்தி கேட்டாள், "அப்புறம் அந்த வருசம் கோயிலுக்கு என்ன போட்டுக்கிட்டுப் போனீங்க பாட்டி?"

"சித்தி மக சட்டை. எனக்குப் பெருசு. கைய மடிச்சு விட்டுக்கிட்டுப் போனேன்."

அறுபது வருடம் கழித்தும் அந்தக் கையை மடித்து விட்டதை மணிக்கட்டில் செய்து காட்டினார். அந்தத் தையல்காரரின் பெயரையும் சொன்னார், அவர் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சொன்னார். ஒவ்வொரு வருடமும் நான்காம் ஞாயிறு பூசையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு மெழுகுதிரி வைப்பாராம், இந்த வருடம் முழங்கால் வலி, கோயிலுக்கு வர முடியவில்லை. நாங்கள் திரும்பக் கோயிலுக்குப் போய் வைத்துவிட்டு வந்தோம். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் இப்போது மனப்பாடம்.

அப்போது அலையில் பாம்பன் ரயில் பாலமும் சேதமாகி, ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள் என்பதையும் பாட்டிதான் சொன்னார். எங்கள் பிள்ளைகள் ரயிலில் போயே இரண்டு வருடம் ஆகிறது, 2022 டிசம்பரில் இருந்து எல்லா ரயிலும் மண்டபத்தோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி முடிந்து நிற்கிறது. எப்போது ரயில் வரும் என்று கேட்காத பிள்ளை இல்லை.

இன்று காலை நான்காவது மெழுகுதிரியைப் பள்ளியில் ஏற்றினோம். முதல் மெழுகுதிரி இதற்குள் அரைவிரல் அளவுக்கு வந்துவிட்டது, நான்காவது மட்டும் புதுசாக உயரமாக நின்றது. அவள் என்னைப் பார்ப்பாளோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கமாக இருந்தது. அவள் மெழுகுதிரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் வாய்தாவில் மறுபடி காவலை நீட்டித்துவிட்டார்கள், அடுத்தது ஜனவரி முதல் வாரம் என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார். அவளுக்கும் தெரியும்.

மத்தியானம் எல்லோரும் கிளம்பும்போது அவள் என் பக்கம் வந்து நின்றாள்.

"டீச்சர், குடிலை எப்பப் பிரிப்பாக?"

ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பிரித்துவிடுவதுதான் வழக்கம், 5-ம் தேதி ஞாயிறு அந்தத் திருநாள். ஆனால் பழைய காலத்தில் பிப்ரவரி 2 வரைக்கும், மரியாவும் சூசையும் குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் வரைக்கும், வைத்திருப்பார்கள் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "பிப்ரவரி 2 வரைக்கும் இருக்கட்டும். கேழ்வரகு காய்ஞ்சா வேற வெதைச்சுக்கலாம்" என்றார்.

அப்புறம் அவளும் நானும் குடிலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்தோம். படகில் இருந்து கொட்டில் வாசல் வரைக்கும் அவள் விரலால் ஒன்று, இரண்டு என்று வைத்து வைத்து எண்ணினாள். முப்பத்தி நான்கு வந்தது. நாளைக்கு ஒரு விரற்கடை என்றால் ஜனவரி 26 வரைக்கும் போகும். "அதுக்குள்ள அப்பா வந்துட்டாகன்னா?" என்றாள். "அன்னைக்கே மிச்சத்தையும் சேத்து நகத்திரலாம்" என்றேன். "வரலைன்னா?" என்று அவள் கேட்கவில்லை, நானும் அதைப் பேசவில்லை.

நாளை முதல் ஜனவரி 1 வரை விடுமுறை. நாளை இரவு ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்து யூபிலி ஆண்டைத் தொடங்குகிறார், அதன் கருப்பொருளே எதிர்நோக்குதான், ஃபாதர் நேற்று அறிவித்தார். எங்கள் பள்ளிக் கதவு பூட்டியிருக்கும். சாவி ஒன்று சிஸ்டரிடம், இன்னொன்றை இன்று நான் வாங்கி வந்திருக்கிறேன். தினமும் காலைப் பூசை முடிந்ததும் போய் ராஜாக்களையும் படகையும் நகர்த்துவதாக அவளிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "டீச்சர், மொத்தமா நகத்திராதீக, ஒரு விரல்தான்" என்று தன் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.